அலைக்கோடு போட்ட கோப்புகள்



சென்ற வாரம், எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என் மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, ஒரே பெயரில் இத்தனை கோப்புகள் கிடக்கின்றனவே, அழித்துவிடக் கூடாதா?” என்று கேட்டார். பெயரின் இறுதியில் அலைக்கோடும் எண்ணும் தாங்கி வரிசையாக நின்ற கோப்புகளைத்தான் அவர் குப்பை என்று எண்ணினார். “இருக்கட்டும் டீச்சர்” என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவரிடம் சொல்ல நேரமில்லாமற் போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பாடக்குறிப்பு, தேர்வுத் தாள், கட்டுரை எல்லாவற்றையும் எழுதுவது ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியில். பல்கலைக்கழகத்தில் உடன்படித்த நண்பர் ஒருவர் பழக்கிவிட்ட பழக்கம் அது. அந்நாளில் அதில் தமிழ் எழுதுவது எளிதாக இல்லை. சில எழுத்துருக்களில் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து நிற்கும். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த 27-ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கோப்பு நிரலகத்தைச் சேர்த்த பிறகு அத்தொல்லை பெரிதும் தீர்ந்தது. அதற்கு முன்பும் நான் அதை விடவில்லை. பிடிவாதம் என்று என் மனைவி சொல்வார். அவர் சொல்வதில் தவறில்லை.

ஈமேக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து, மாற்றி, முதன்முறையாகச் சேமிக்கும்போது அது ஒரு வேலை செய்கிறது. வட்டில் இருந்த பழைய கோப்பின் பெயரோடு ஓர் அலைக்கோட்டைச் சேர்த்து அதை ஒதுக்கி வைக்கிறது. நாம் மாற்றி எழுதியதைப் பழைய பெயரிலேயே புதிதாக எழுதுகிறது. ‘பாடம்’ என்ற கோப்பு இருந்தால் ‘பாடம்~’ என்று ஒன்று பக்கத்தில் தோன்றிவிடும். அதுதான் காப்புநகல்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. நானும் பல ஆண்டுகள் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன். நாம் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அக்காப்புநகல் மாறுவதில்லை. கோப்பைத் திறந்தபின் முதன்முறை சேமிக்கும்போது மட்டுமே அது உருவாகிறது. அதன்பிறகு மூடாமலேயே நூறு முறை சேமித்தாலும், அலைக்கோட்டுக் கோப்பில் இருப்பது நாம் அன்று காலையில் திறந்தபோது இருந்த பழைய வடிவமே. மூடிவிட்டு மறுநாள் மீண்டும் திறந்து, ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தால் போதும். நேற்றைய முடிவு புதிய காப்புநகலாகிவிடும், முந்தாநாள் வடிவம் சுவடின்றிப் போய்விடும். காப்புநகல் என்பது நேற்றைய நம்மைக் காப்பது. முந்தாநாள் நம்மை அன்று.

மின்தடைக்கென்று ஈமேக்ஸ் தனியே இன்னொரு கோப்பை எழுதுகிறது. பெயரின் முன்னும் பின்னும் வேலிக்குறி (#) போட்டிருக்கும். ஏறத்தாழ 300 விசைத்தட்டுகளுக்கு ஒருமுறையோ, 30 நொடி நாம் கையை எடுத்துச் சும்மா இருந்தாலோ அது எழுதப்படும். முறையாகச் சேமித்ததும் தானாக மறைந்துவிடும். மாலை நேர இடிமழையில் மின்சாரம் போய் மீண்டு வந்தபோதெல்லாம் என்னைக் காப்பாற்றியது அந்தக் கோப்புதான். அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. விம் பயன்படுத்துவோருக்கு இதே பணியைப் புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்று செய்கிறது. 200 எழுத்துகளுக்கு ஒருமுறையோ, 4 நொடி ஓய்ந்திருந்தாலோ எழுதிக்கொள்ளும். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்பதில் இயல்பாக 7 நொடிக்கு ஒருமுறை. இவையெல்லாம் விபத்திலிருந்து காப்பவை. நம் கையாலேயே, நன்கு யோசித்து, நாம் செய்யும் தவற்றிலிருந்து இவை காப்பதில்லை. அதற்குரியது அலைக்கோட்டுக் கோப்பு ஒன்றுதான்.

2008-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அப்போது என் ஈமேக்ஸில் எண்ணிட்ட காப்புநகல்களை வைத்திருந்தேன். அதாவது, ஒரே ஓர் அலைக்கோட்டுக் கோப்பை மேலெழுதிக்கொண்டே போகாமல், ~1~, ~2~, ~3~ என்று ஒவ்வோர் அமர்வுக்கும் ஒன்று தனியாக நிற்கும்படியான அமைப்பு. எண்ணிக்கை கூடினால் பழையவற்றை அழிக்கட்டுமா என்று ஈமேக்ஸ் கேட்கும். இயல்பான அமைப்பில் மிகப் பழைய இரண்டையும் மிகப் புதிய இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளவற்றைக் கழித்துவிட விரும்பும். நான் எப்போதும் ‘வேண்டாம்’ என்றே தட்டுவேன். ஆகவே அவை பெருகிக்கொண்டே போயின. அவை பெருகுவது என் கண்ணில் படவும் இல்லை. ஏனென்றால் என் மடிக்கணினியில் இருந்த லினக்ஸின் கோப்பு மேலாளர், அலைக்கோட்டில் முடியும் கோப்புகளைக் காட்டாமல் மறைத்துவிடும்.

பள்ளிக் கணினிக்கூடத்தில் இருந்தவையோ விண்டோஸ் கணினிகள். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் படக்கதை ஒன்றைத் தருவதற்காக என் பென்டிரைவை ஒரு கணினியில் செருகிவிட்டு, வேறொரு மாணவனின் பழுதான சுட்டியைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

“ஐயா, நான் தெரியாமல் ஒன்றைத் திறந்துவிட்டேன். அடுத்த வாரச் சோதனைத் தாள் என்று நினைக்கிறேன்.”

அரையாண்டுத் தேர்வுத் தாளை நான் பென்டிரைவிலிருந்து முந்திய நாளே அழித்திருந்தேன். அதன் எண்ணிட்ட காப்புநகல்கள் ஐந்தும் அங்கேயே இருந்தன. விண்டோஸ் அவற்றை மறைக்கவில்லை. எதனால் திறப்பது என்று அது கேட்டிருக்கிறது. பிள்ளை நோட்பேடைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மூன்றாம் படியில் விடைகளும் இருந்தன.

அவள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றிரவு விழித்திருந்து தாளை மாற்றி எழுதினேன். அதுவரை அச்சிட்ட படிகளைக் கிழித்துப் போட்டேன். தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. “இனிமேல் கவனமாக இருங்கள்” என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வெட்கத்தில் நான் செய்த காரியம்தான் இந்தக் கதைக்கு மூலம். எண்ணிட்ட காப்புநகல் முறையை நிறுத்தினேன். இருந்த அலைக்கோட்டுக் கோப்புகளை எல்லாம் ஒரே ஆணையில் துடைத்தேன். காப்புநகலே வேண்டாம் என்று முற்றிலும் நிறுத்த மட்டும் மனம் வரவில்லை; ஒரு கோப்புக்கு ஒரு படி போதும் என்று பழைய இயல்பான அமைப்புக்குத் திரும்பினேன். சிக்கல் படிகளின் எண்ணிக்கையில் இல்லை, அவை கிடந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2010-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளிக்கு வைரவிழா. எங்களுடையது தோட்டப்பள்ளி, இன்று தோட்டமும் இல்லை, லயங்களும் இல்லை, பள்ளி மட்டும் வீடமைப்புப் பகுதியின் ஓரத்தில் நிற்கிறது. விழா மலருக்காகப் பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் தம் நினைவுகளைக் கையால் எழுதித் தந்தார். கூடவே தனித்தாள்களில் ஒரு பட்டியல். 1957-ஆம் ஆண்டில் புதிய வகுப்பறைக் கட்டடம் எழுப்பத் தோட்டத்து மக்கள் கொடுத்த நன்கொடை விவரம் அது. பால்மரம் வெட்டியவர்கள், களை பிடுங்கியவர்கள், மண்டோர், கிராணி என 58 பேர். ஐந்து வெள்ளி, ஒரு வெள்ளி, ஐம்பது காசு என்று பெயருக்கு நேரே எழுதியிருந்தது. மூல நன்கொடைப் புத்தகத்தைக் கறையான் அரிப்பதற்கு முன்பு அவர் பார்த்து எழுதி வைத்திருந்த படியாம்.

அனைத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். மலர்க்குழுவுக்கு அச்சிட்டுக் காட்டினேன். பக்கம் கூடிவிட்டது, பட்டியலைச் சுருக்குங்கள் என்றார்கள். பத்து வெள்ளியும் அதற்கு மேலும் கொடுத்தவர்களை மட்டும் போடுவோம் என்று முடிவாயிற்று. நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அக்கோப்பைத் திறந்து, 17 பெயர்களை விட்டுவிட்டு 41 பெயர்களை நீக்கிச் சேமித்து மூடினேன். அந்தக் கணத்தில் அலைக்கோட்டுக் கோப்பில் 58 பேரும் பத்திரமாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை மெய்ப்புப் பார்க்கையில் ஒரு பெயர் ‘ஆருமுகம்’ என்று இருந்ததைக் கண்டேன். தமிழாசிரியன் தட்டச்சு செய்த மலரில் இடையின ரகரம் இப்படி வந்து உட்காரலாமா! கோப்பைத் திறந்து ‘ஆறுமுகம்’ என்று திருத்தினேன், சேமித்தேன், மனநிறைவோடு மூடினேன். அந்த ஓர் எழுத்துத் திருத்தத்தில் பழைய காப்புநகல் போய், செவ்வாய்க்கிழமைப் பட்டியல் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. 41 பேரும் வட்டிலிருந்து நீங்கினார்கள். எண்ணிட்ட முறை இருந்திருந்தால் அவர்கள் ~1~ என்னும் சின்னக் கோப்பில் இருந்திருப்பார்கள். எனக்கோ ஒன்றும் தெரியாது. எல்லாம் கணினியில் இருக்கிறது என்ற எண்ணத்தில், கையெழுத்துத் தாள்களையும் அச்சிட்ட மெய்ப்புகளையும் பள்ளியின் பழைய தாள் விற்பனைக் கட்டில் சேர்த்துவிட்டேன். கிலோ கணக்கில் போயிற்று.

விழா நாளன்று மலர் கையில் கிடைத்ததும் வயதான அம்மையார் ஒருவர் ஆசிரியர் அறை வரை வந்தார். கண்ணாடியைக் கொண்டு வரவில்லை, தன் தகப்பனார் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும்படி கேட்டார். பெயரைச் சொன்னார். பட்டியலில் இல்லை.

“எங்கப்பா ஒரு வெள்ளி கொடுத்தாருன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும் சார். அப்போ ஒரு வெள்ளின்னா லேசா?”

இடமின்மையால் சுருக்கிவிட்டோம், முழுப் பட்டியலும் கணினியில் இருக்கிறது, அச்சிட்டு வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறேன் என்று உறுதியாகச் சொன்னேன். அவர் இரு கைகளையும் கூப்பினார்.

அன்றிரவு கோப்பைத் திறந்தேன். 17 பெயர்கள். அலைக்கோட்டுக் கோப்பைத் திறந்தேன். அதிலும் 17 பெயர்கள். இரண்டுக்கும் ஒரே ஒரு வேறுபாடுதான்: காப்புநகலில் ‘ஆருமுகம்’ என்றிருந்தது. என் பிழையை மட்டும் அது காத்து வைத்திருந்தது. மாற்றங்களைப் பின்னோக்கி மீட்கும் விசையும் பயன்படவில்லை. ஈமேக்ஸில் கோப்பை மூடினால் அந்த வரலாறும் போய்விடும். மூடிய பிறகும் அவ்வரலாற்றைக் காத்து வைக்கும் வசதியை விம் தொகுப்பி அதே 2010-ஆம் ஆண்டில்தான் தன் 7.3 பதிப்பில் சேர்த்தது என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பன்று.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாம் நாள் மூத்த ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தாளைப் பத்திரமாக வைத்துக்கொள் தம்பி என்று நான் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். பழியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மனப்பாடமாகப் பட்டியலைச் சொல் என்றால் எனக்கு வராது. முதல் லயத்தின் கோடியிலிருந்து நடந்து போவோம். நீ எழுதிக்கொள்.”

கண்ணை மூடிக்கொண்டார். முதல் லயம், முதல் வீடு. வாசலில் முருங்கை மரம். அந்த வீட்டுக்காரர் பெயர், அவர் மனைவி பெயர், கொடுத்தது இரண்டு வெள்ளி. இரண்டாம் வீடு கொடுக்கவில்லை, அப்போது அங்கே நோயாளி இருந்தார். மூன்றாம் வீடு. தண்ணீர்க் குழாயைத் தாண்டினோம். ஆயாக் கொட்டகையைத் தாண்டினோம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா கொடுத்தது ஐம்பது காசு. பெரட்டுக் களத்துக்குப் பின்னால் இருந்த லயத்தில் அவருக்கு நடை தடுமாறியது. அங்கிருந்தவர்கள் அடிக்கடி வேறு தோட்டங்களுக்கு மாறிப் போனவர்களாம். சில வீடுகளின் முன்னே நெடுநேரம் நின்றார்; பிறகு தலையை அசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மூன்றாம் லயத்தில் ஆடு வளர்த்தவர் வீடு வந்தது. அது அந்த அம்மையாரின் தகப்பனார் வீடு. “ஒரு வெள்ளி கொடுத்தார். கட்டடத்துக்கு மண் சுமக்கவும் வந்தார். அதை நான் பட்டியலில் எழுதவில்லை” என்றார்.

மூன்று மாலைகள் அப்படி நடந்தோம். 33 பெயர்கள் கிடைத்தன. 8 பெயர்கள் கிடைக்கவில்லை. அவருடைய கட்டுரையின் முதற்பத்தியிலேயே ‘ஐம்பத்தெட்டுப் பேர்’ என்று இருந்ததால்தான் எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதாவது தெரிந்தது.

எஞ்சிய மலர்களில் செருகுவதற்காக ஒரு தாளை என் செலவில் அச்சிட்டேன். 50 பெயர்கள், கடைசி வரியில், மேலும் எண்மர் என்று. அம்மையார் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண் சுமந்ததையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தேன். அவர் அதைத் தம் பேத்தியிடம் கொடுத்து இருமுறை உரக்கப் படிக்கச் சொன்னார்.

அந்த ஆண்டின் பள்ளி விடுமுறையில்தான் ஈமேக்ஸின் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். எனக்கு வேண்டியது எல்லாம் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. காப்புநகல்கள் எல்லாவற்றையும் ஒரே தனிக் கோப்புறைக்குள் போகச் செய்யலாம். அதற்குரிய அமைப்பின் பெயர் ‘பேக்கப்-டைரக்டரி-அலிஸ்ட்’. அப்படிச் செய்தால், பென்டிரைவில் உள்ள கோப்பைத் திருத்தினாலும் அதன் பழைய படி மடிக்கணினிக்குள்தான் போகும். பிள்ளைகள் கையில் கிடைக்காது. வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயரில் கோப்புகள் இருந்தால் குழம்பாதா என்று ஐயம் எழலாம். முழுப் பாதையையும் பெயரில் சேர்த்து, சாய்கோடு வரும் இடத்தில் எல்லாம் வியப்புக்குறி போட்டு அது பெயரிடுகிறது. பார்க்க அழகாக இல்லை, குழப்பமும் இல்லை. 2008-இல் நான் செய்திருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். இணையத்தளம் நடத்தும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். கடவுச்சொல் அடங்கிய அமைப்புக் கோப்பை வழங்கியிலேயே திருத்தினால், அதன் அலைக்கோட்டுப் படி அங்கேயே கிடக்கும். நிரலாக இயங்காமல் வெறும் உரையாக வெளியாட்களுக்குக் கிடைத்துவிடக் கூடும்.

எண்ணிட்ட முறையை மீண்டும் தொடங்கினேன். பழையவற்றில் 5, புதியவற்றில் 20 என்று வைத்திருக்கிறேன். இவையும் அமர்வுக்கு ஒன்றுதான் என்பதால், ஒரு கோப்பில் கத்தரி வைப்பதற்கு முன் கண்ட்ரோல்–யூ, அதைத் தொடர்ந்து வழக்கமான கண்ட்ரோல்–எக்ஸ், கண்ட்ரோல்–எஸ் என்று தட்டிச் சேமிக்கிறேன். இப்போதுள்ள வடிவத்தை அடுத்த முறை சேமிக்கும்போது காப்புநகலாக்கு என்பது அதன் பொருள். தனிக் கோப்புறை முழுவதையும் மாதம் ஒருமுறை வெளிவட்டில் படியெடுக்கிறேன். மடிக்கணினியே பழுதானால் அதற்குள் இருக்கும் காப்புநகலும் சேர்ந்துதானே போகும். இதற்கெல்லாம் கிட் போன்ற முறையான பதிப்பு மேலாண்மைக் கருவிகள் இருக்கின்றனவே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இருக்கின்றன. ஆனால் அவற்றில் பதிய வேண்டும் என்று நாம் நினைக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை நான் ஒன்றும் நினைக்கவில்லை.

மூத்த ஆசிரியர் 2014-ஆம் ஆண்டில் காலமானார். 2016-இல் ஒருவர் அந்தச் செருகுதாளை உறவினர் வீட்டில் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார். பெரட்டுக் களத்துக்குப் பின்னால் இருந்த லயத்தில் தம் பாட்டி இருந்ததாகவும், அவர் கொடுத்த நன்கொடைக்கான சிறு பற்றுச்சீட்டு வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருப்பதாகவும் சொன்னார். போய்ப் பார்த்தேன். எழுபத்தைந்து காசு. கோப்பைத் திறந்து 51-ஆவது பெயராகச் சேர்த்து, கடைசி வரியில் எண்மரை எழுவராக்கிச் சேமித்தேன்.

பயிற்சி ஆசிரியை பார்த்தவை அந்தப் பட்டியலின் படிகள். யாரேனும் பெயரைப் பற்றி, எழுத்தைப் பற்றி, தொகையைப் பற்றி ஏதேனும் சொல்லும்போதெல்லாம் திறந்து திருத்துவதால் அவை 25-ஐத் தாண்டிவிட்டன. இப்போது சேமிக்கும் ஒவ்வொரு முறையும், மிகுதியானவற்றை அழிக்கட்டுமா என்று ஈமேக்ஸ் கேட்கிறது. வேண்டாம் என்று தட்டுகிறேன்.